நான் அச்சடித்த ஆய்வகத் தாள்கள்

உயிரியல் ஆய்வகத்துக்குக் கம்ப்யூட்டரில் செய்முறைத் தாள் தயாரிப்பவனுக்குப் பாம்பு மிதக்கும் ஜாடியைப் பார்த்தால் பயம் வராது. பிரிண்டர் சத்தம் கேட்டால் வரும். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில், ஐம்பது வயதைத் தாண்டியும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது.

நகர்ந்த அம்புகள்

நெல் வேரின் குறுக்குவெட்டை வரைந்து, பாகங்களுக்கு அம்பு போட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரில் முடித்தேன். கல்லூரிக் கம்ப்யூட்டரில் திறந்தபோது அம்புகள் எல்லாம் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தன. நான் கவனிக்காமல் அப்படியே அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். தண்ணீர் ஏறும் குழாயைக் காட்ட வேண்டிய அம்பு, வெறும் காற்றுப் பொந்தைக் காட்டியது.

வகுப்பே அப்படித்தான் வரைந்திருந்தது. நன்னிலத்திலிருந்து வரும் சுகந்தியின் நோட்டில் மட்டும், சரியாகப் போட்ட அம்பை ரப்பரால் அழித்த தடம் தெரிந்தது. ஏன் அழித்தாய் என்று கேட்டேன்.

"மைக்ராஸ்கோப்புல வேற மாதிரிதான் தெரிஞ்சுது சார். உங்க தாளைப் பார்த்ததும், என் கண்ணுதான் தப்புன்னு அழிச்சுட்டேன்."

அசையாத படம்

நான் எதைக் கொடுத்தாலும் இவர்கள் செய்துவிடுவார்கள் என்ற பயம் அன்று பிடித்துக்கொண்டது. கூட வேலை பார்க்கும் மல்லிகா மேடத்திடம் புலம்பினேன். பி.டி.எஃப். ஆக்கிவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரிலும் அம்பு நகராது என்று சொல்லி, அவரே செய்தும் காட்டினார். எனக்கு மூச்சு வந்தது. கிளம்பும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"ஆனா ஒண்ணு சார், தப்பு இருந்தா அதுவும் நகராது."

வெங்காய வேர்

வெங்காய வேர் நுனியை நீர்த்த அமிலத்தில் போட்டு லேசாகச் சூடு காட்டினால்தான் செல் பிரிவதைப் பார்க்க முடியும். அதற்கு இரண்டு தாள்கள்: அடர் அமிலத்தை எப்படி நீர்க்கச் செய்வது என்று ஆய்வக உதவியாளருக்கு ஒன்று, மாணவர்களுக்கு ஒன்று. அந்தச் செய்முறை நடக்கும் நாளில் எனக்குக் கீழ்வேளூரில் ஒரு கல்யாணம். பஸ் அம்மாப்பேட்டை தாண்டும்போதுதான் சந்தேகம் வந்தது. உதவியாளர் தாளிலிருந்து காப்பி எடுத்து மாணவர் தாளில் ஒட்டினேனே, 'அடர்' என்ற வார்த்தையை மாற்றினேனா? போனில் திறந்து பார்த்தேன். அடர் அமிலத்தில் போட்டுச் சூடாக்கவும் என்று இருந்தது.

மல்லிகா மேடம் போனை எடுக்கவில்லை. உதவியாளரும் எடுக்கவில்லை. இறங்கி எதிர்ப் பஸ் பிடித்தேன். சூடான அமிலம் தெறித்தால் கண் போய்விடும். சுகந்தி தாளில் இருப்பதை அப்படியே செய்பவள். அப்படிப் பழக்கியது யார்? நான்தானே?

ஓடிப்போய்ப் பார்த்தால், எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாளே கலந்து வைத்த நீர்த்த அமிலம் மேசையில் தொடாமல் இருந்தது. பக்கத்தில் ஸ்பிரிட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சுகந்தி எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"தாள்ல அடர் அமிலம்னு போட்டிருக்கு சார். அது இருக்கற அலமாரிச் சாவி உங்ககிட்ட இருக்குன்னாங்க, அதான் காத்துக்கிட்டு இருக்கோம்."

இப்போது ஒவ்வொரு தாளையும் பலமுறை படித்துத்தான் அச்சடிக்கிறேன். ஆனாலும் நான் நம்புவது என் சட்டைப் பையில் கிடக்கும் அந்தச் சாவியைத்தான்.