சுரங்கத்தில் சொன்ன சரி

தெருவில் அவளுக்கு ‘மைக்’ என்று பெயர்; குரல் அப்படி. யாரும் முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டதில்லை என்றாலும் அவளுக்குத் தெரியும். எதிர் வீட்டு ஜன்னலுக்குள் நின்று ஒருத்தி இன்னொருத்தியிடம், “மைக் வருது, கதவச் சாத்து” என்று சொன்னதைத் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்தே அவள் உதட்டசைவில் படித்திருக்கிறாள்.

நெசவு மில்லில் அவளுக்கு இருபத்தேழு வருட வேலை. எட்டுத் தறிகள் அவள் பொறுப்பு. முந்நூறு தறிகள் ஒரே நேரத்தில் அடிக்கும் கூடத்தில், பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் ஏறாது. அதனால் அங்கே எல்லோரும் உதட்டசைவிலேயே பேசிக்கொள்வார்கள். யாருக்குக் கல்யாணம், யாருக்கு மேஸ்திரியிடம் திட்டு, எல்லாச் செய்தியும் சத்தமில்லாமல் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். புதிதாக வருகிறவர்களுக்கு இது பிடிபட ஆறு மாதமாகும். அவள் இரண்டே மாதத்தில் கற்றுக்கொண்டாள்.

கடைசிப் பத்து வருடங்களாக அந்த வித்தை மில்லுக்கு வெளியிலும் தேவைப்பட்டது. முதலில் கடிகாரத்தின் டிக்டிக் போயிற்று. அப்புறம் வாசல் மணி. பிறகு, முதுகுக்குப் பின்னாலிருந்து யார் பேசினாலும் வெறும் முணுமுணுப்புதான். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தறியிலிருந்து இறக்கிவிடுவார்களே என்ற பயம். அதைவிட, ‘செவிடு’ என்ற சொல்லைத் தன் வீட்டில் ஒருவர் உதட்டிலும் பார்க்கக் கூடாது என்ற வீம்பு. முகம் தெரிந்தால் பேச்சு புரியும். தெரியாத இடத்தில் சிரித்துக்கொண்டே “சரி சரி” என்று சொல்லிவைப்பாள். பாதி உலகம் அந்த ஒரு வார்த்தையில் ஓடிவிடுகிறது என்பதை அவள் அனுபவத்தில் கண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீராவி ரயிலில் போகலாம் என்று ஏற்பாடு செய்தவள் நாத்தனார். பார்லர் வைத்திருப்பவள், கடைக்கு ஒரு நாள் லீவு விட்டால் அதை ஊரே கொண்டாட வேண்டும் என்று நினைப்பவள். மலை ஏறும் அந்தப் பழைய பாதையில் இப்போதெல்லாம் அவசரக்காரர்கள் யாரும் போவதில்லை. ஞாயிறுதோறும் ஒரு கரி எஞ்சின், நான்கு மரப்பெட்டிகள், வேடிக்கை பார்க்க வரும் குடும்பங்கள், அவ்வளவுதான்.

நாத்தனார் பளீரென்று வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தாள்.

“கரி வண்டிக்கு வெள்ளையா?” என்றார் அவள் அண்ணன், அதாவது இவள் கணவர். அவர் தபால்காரர். ஒரு நாளைக்கு மொத்தம் பத்து வார்த்தை பேசுகிற மனிதர்.

“ஃபோட்டோல எடுப்பா இருக்கும்ணா.”

இரண்டாவது வளைவு தாண்டுவதற்குள் சட்டையில் மிளகு தூவினாற்போல் ஆகிவிட்டது. நாத்தனார் ஊதினாள், தட்டினாள், கடைசியில் கைக்குட்டையால் துடைத்து எல்லாவற்றையும் ஈஷிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள், மகளைத் தவிர.

மகளுக்கு இருபத்து மூன்று வயது. அதே மில்லின் டவுன் ஆபீசில் கிளார்க். அம்மாதான் மேனேஜர் அறை வாசலில் நான்கு நாள் காத்துக் கிடந்து, காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கிக் கொடுத்த வேலை. அன்று காலையிலிருந்து மகள் நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள். பள்ளத்தில் ஆறு தெரிந்தது. பாறையில் ஒட்டிக்கொண்டு ஒரு பாலம் வந்தது. பெட்டியில் இருந்தவர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடினார்கள். மகள் எதையும் பார்க்கவில்லை.

கார்டு கதவோரமாக வந்து நின்று, “ஜன்னலச் சாத்துங்க, பெரிய சுரங்கம் வருது, உள்ள லைட்டு கெடையாது” என்று எச்சரித்துவிட்டுப் போனார். உடனே மகள் எதிர் இருக்கையிலிருந்து எழுந்து வந்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

இருட்டு மூடியது. மற்றவர்களுக்குக் காதைப் பிளக்கும் இரைச்சல். அவளுக்கோ பாதத்தின் கீழ் தறிக்கூடத்துத் தரைபோல ஓர் அதிர்வு மட்டும். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காதோரம் சூடாக மூச்சுப் பட்டது. ஏதோ சொல்கிறாள். நிறையச் சொல்கிறாள். கடைசியில் கையை ஓர் அழுத்து அழுத்திவிட்டுக் காத்திருந்தாள். பயந்துவிட்டாள் போல என்று நினைத்து அம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்து, “சரி சரி” என்றாள்.

மகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கன்னம் ஈரமாக இருந்தது.

வெளிச்சம் வந்தபோது மகள் அழுதுகொண்டே சிரித்தாள். நாத்தனார் வாயைப் பிளந்தபடி இருந்தாள். முன்பின் தெரியாத எதிர் இருக்கைக்காரர் எட்டி வந்து மகளுக்குக் கைகொடுத்தார். தபால்காரர் சாத்திய ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சுரங்கத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அவளுக்குத் தோன்றியது.

மேல் ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க வண்டி நாற்பது நிமிடம் நிற்கும். மகளும் நாத்தனாரும் டீக்கடைக்குள் போனார்கள். அவள் வெளியே நின்று எஞ்சினை வேடிக்கை பார்த்துவிட்டுத் தற்செயலாகத் திரும்பினாள். கடையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகளின் முகம் நன்றாகத் தெரிந்தது. உதடுகள் அசைந்தன.

“நீங்களும்தான் கேட்டீங்களே அத்த. மில் வேலய விட்டுப் பதினஞ்சு நாளாச்சுன்னேன். நில அளவைப் பயிற்சிக்கு எடம் கெடச்சிருக்கு, அடுத்த திங்கக்கெழம போய்ச் சேரணும்னேன். போகட்டுமான்னு கேட்டேன். ஒரு வார்த்த திட்டல. சரி சரின்னுட்டா.”

அவள் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். அங்கே ஏற்கெனவே தபால்காரர் இருந்தார்.

“உங்களுக்குத் தெரியுமா?”

அவர் அவள் பக்கம் முழுதாகத் திரும்பினார். “சுரங்கத்துல அவ சொல்லித்தான் தெரியும்.”

“எனக்குக் கேக்கல.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“உனக்குக் கேக்காதுன்னு. அஞ்சாறு வருஷம் இருக்கும். லைட்டப் போடாம நான் உங்கிட்ட பேசி பாத்திருக்கியா?”

பார்த்ததில்லை. இருட்டைக் கண்டால் நடுங்குகிற மனுஷன் என்று அவரை அவள் கேலிகூடச் செய்திருக்கிறாள்.

“ஏன் சொல்லல?”

“நீ சொல்லலயே. அடுத்தவங்க கடுதாசியப் பிரிக்கிறது என் வேல இல்ல.”

தான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மகள் நிம்மதியாகக் கிளம்பிவிடுவாள். காது விஷயமும் வெளியே வராது. ஆனால் கொடுக்காத ஒன்றைக் கொடுத்ததாக மகள் ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள். எஞ்சினிலிருந்து தண்ணீர்க் குழாயை எடுக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து மகளை அழைத்த குரலில் எஞ்சின் டிரைவரும் திரும்பிப் பார்த்தார்.

“சுரங்கத்துல நீ சொன்னது எனக்குக் கேக்கல. நான் சொன்ன சரி, சரி இல்ல.”

“என்னம்மா வெளயாடறியா? நான் கத்தினது பொட்டி முழுக்கக் கேட்டுச்சு.”

“பொட்டிக்குக் கேட்டிருக்கும். எனக்குக் காது போயி பத்து வருஷமாச்சு. இப்ப எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

இருட்டுக்கென்று தயார் செய்த பேச்சு வெளிச்சத்தில் வர மறுத்தது. திக்கித் திணறி மகள் பாதி சொன்னாள். அதற்குள் அம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“நாலு நாள் அந்த வாசல்ல நின்னேன்டீ! பதினஞ்சு நாளா சாப்பாடு கட்டிக் குடுத்தேனே, அத எங்க போயி தின்ன?”

“லைப்ரரில. நானா அந்த வேலயக் கேட்டேன்? ரெண்டு வருஷம் பல்லக் கடிச்சுட்டு இருந்தேன்மா. அந்த ரூம்ல மூச்சு முட்டுது.” மகள் முகத்தைத் திருப்பவில்லை. “நான் மறச்சது பதினஞ்சு நாளு. நீ பத்து வருஷம்.”



“அண்ணி, வண்டி கெளம்புது. சண்டய உள்ள ஏறிப் போட்டுக்கலாம்” என்றாள் நாத்தனார்.

மலை இறங்கும்போது இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சுரங்கம் வந்ததும் மகள் ஃபோனின் டார்ச்சைப் போட்டுத் தன் மோவாய்க்கு அடியில் பிடித்தாள். கரி படிந்த முகம் பேய் மாதிரி தெரிந்தது. “இன்னும் கோவமா?” என்று கேட்டாள்.

“ஆமா!” என்றாள் அம்மா. எஞ்சின் இரைச்சலையும் மீறி அது எல்லோருக்கும் கேட்டது. இருட்டில் பெட்டியே சிரித்தது.

கோபம் அந்த வாரம் முழுக்க இருந்தது. பெட்டி கட்டிக் கொடுத்தபோதும் அவள் சரி என்று சொல்லவில்லை. “போயிட்டு வா” என்றாள், அவ்வளவுதான். மகள் போன மறு மாதம் மில் டாக்டரிடம் அவளாகவே போய் விஷயத்தைச் சொன்னாள். பயந்தபடியே தறியிலிருந்து இறக்கினார்கள். நெய்த துணியை விளக்கு வெளிச்சத்தில் ஓட்டிக் குறை இருக்கிறதா என்று பார்க்கும் அறைக்கு மாற்றினார்கள். முதல் சில நாட்கள் அழுகையாக வந்தது. பிறகு அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு நூல் போவதில்லை என்று பேர் வந்தது.

காதுக்கு மெஷின் மாட்டிய வாரம் பெரும் இம்சையாக இருந்தது. தட்டு வைத்தால் இடி விழுந்தது. “இத்தன வருஷமா இப்படியா மென்னீங்க?” என்று தபால்காரரைக் கேட்டாள். நாளாக நாளாகப் பழகிவிட்டது. நாத்தனார் வந்து பேச ஆரம்பித்தால் மட்டும் கழற்றி வைத்துவிடுவாள்.

மூன்று மாதம் கழித்து மகள் லீவில் வந்தாள். முகம் கறுத்து, குதிகால் இரண்டும் கொப்பளித்திருந்தது. நாய் துரத்தியதையும் வாய்க்காலில் விழுந்ததையும் சொன்னாள். பிறகு தான் வரைந்த முதல் வரைபடத்தைத் தரையில் விரித்தாள். ஒரு வாய்க்கால், இரண்டு கிணறுகள், நீளமாக ஒரு வேலி.

அம்மா குனிந்து விரலை ஓட்டிப் பார்த்தாள். “இங்க கோடு விட்டுப்போயிருக்கு.”

“விட்டுப்போகலம்மா. அது வேலியோட கேட்டு. அந்த வழியாத்தான் மாடு போகும்.”

“எத்தன மாடு?”

மகள் சிரித்துவிட்டாள். அதை யாரும் எண்ணச் சொல்லவில்லை என்றாள். மகள் மூன்று நாள் இருந்தாள். அதில் இரண்டு நாள் தூங்கினாள்.