இரண்டாம் வீடு

இத்தாலியின் பலேர்மோ நகரில், கிழக்கு ஓரத்துப் பிரான்காச்சோவில், மூன்றாம் மாடியில் ஒரு வீடு வாங்கினோம். இங்கே சொந்த வீடு இரண்டு வகை. குடியிருந்தால் அது முதல் வீடு, வரி இல்லை. குடியிருக்காவிட்டால் இரண்டாம் வீடு, வருடா வருடம் வரி. உண்மையில் குடியிருக்கிறோமா என்று மாநகரக் காவலர் ஒருவர் வந்து பார்ப்பார். இதைக் கணவர் எனக்குச் சொல்லியிருந்தார். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் துறைமுகத்தில் வேலையில் இருந்த ஒரு பகலில் மணி அடித்தது. கதவுத் துவாரத்தால் பார்த்தேன். சீருடை. உடனே அடுப்பை நிறுத்தி, மகளின் வாயைப் பொத்தி, கட்டிலுக்குப் பின்னால் குந்தினேன். போர்க்காலத்தில் எங்கள் வன்னியில் சீருடை வந்து தட்டினால் வீட்டில் ஆள் இருக்கக் கூடாது. ஒருமுறை என் அண்ணா கதவைத் திறந்தான். அவர்களோடு போனவன் திரும்பி வரவில்லை.

அந்தக் காவலர் அடுத்த கிழமையும் வந்தார். அப்போதும் நான் திறக்கவில்லை.

பிறகு மாநகரசபையிலிருந்து கடிதம் வந்தது. இங்கே எவரும் வசிக்கவில்லையாம், ஆகவே இது இரண்டாம் வீடாம். பணக்காரர் வாழும் லிபெர்த்தா வீதியில் நான் கூட்டித் துடைக்கும் வீட்டுச் சிஞ்ஞோரா அம்மாவுக்குக் கடற்கரையில் ஒரு இரண்டாம் வீடு உண்டு. எனக்கு இருப்பதே ஒன்று, அதுவும் இரண்டாவதாம்!

"நீ வீட்டிலை இருந்தனீயே?" என்று கணவர் கேட்டார்.

"ஓம்."

"பிறகேன் திறக்கேல்லை?"

"பயந்து போனன்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இன்னொருக்கா வந்து பாக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கிறன். இந்த முறையும் திறக்காட்டி வரி வரும், எங்களாலை கட்டேலாது, வீட்டை விக்கத்தான் வேணும்."

அதன்பின் எந்த வீட்டு மணி அடித்தாலும் நான் அடுப்பை நிறுத்தினேன். ஒரு பின்னேரம் எங்கள் மணியே அடித்தது. திறந்தேன். அதே சீருடை. "இங்கே யார் இருக்கிறார்கள்?" என்று இத்தாலிய மொழியில் கேட்டார்.

"ஒருவரும் இல்லை" என்றது என் வாய்.

அவர் எழுதக் குனிந்தார். அதற்குள் மகள் ஓடிவந்தாள். "நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம், வந்து என் கட்டிலைப் பாருங்கள்" என்று இத்தாலிய மொழியில் படபடவென்று சொல்லி, அவருடைய கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

வீடு தப்பியது என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்த நேரம் என் மனதில் வீடு இல்லை. சீருடைக்காரனோடு என் பிள்ளை போகிறாள் என்பது மட்டும்தான் இருந்தது.