பன்னிரண்டு சுத்தமான காகிதங்கள்

மெதெர்பெக் வருஷத்தில் மே மாதம் மட்டும்தான் நோயாளி. மற்ற மாதங்களில் கிர்கிஸ்தானின் கொச்கோர் ஊரில் கைப்பேசி பழுது பார்க்கிறவர். நிலக்கரி லாரி உருண்டு முதுகுத்தண்டு ஒடிந்த நாளிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சிறுநீரைக் குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்த வழியில் கிருமி குடியேறாமல் இருக்குமா? குடியேறியது. காய்ச்சல் இல்லை, நடுக்கம் இல்லை. அது பாட்டுக்கு இருந்தது, அவர் பாட்டுக்கு இருந்தார்.

தொல்லை ஏரியால் வந்தது. ஜூன் மாதம் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு இசிக்குல் ஏரிக்கரைச் சிகிச்சை இல்லத்தில் பத்து நாள் இடம் கிடைக்கும். தண்ணீரில் மிதக்கும்போது மட்டும்தான் மெதெர்பெக்குக்கு நாற்காலி மறக்கும். ஆனால் சிறுநீரில் கிருமி இல்லை என்று காகிதம் காட்டாமல் உள்ளே விடமாட்டார்கள். தாதியின் கண்ணெதிரே எடுத்த சிறுநீர்தான் செல்லும். ஆகவே மே மாதம் ஒரு வாரம் மாத்திரை, பிறகு காகிதம், பிறகு ஏரி. ஆகஸ்டில் கிருமி திரும்பிவிடும். அடுத்த மே, இன்னும் வீரியமான மாத்திரை. ஏரியில் பழக்கமான இன்னொரு நாற்காலிக்காரன் அசனாலிக்கும் இதே கூத்துதான். எந்த மாத்திரை பலித்தது என்று இருவரும் போனில் சொல்லிக்கொள்வார்கள்.

பன்னிரண்டாவது மே மாதம், ஒரே ஒரு ஊசி மருந்துக்குத்தான் கிருமி சாகும் என்று ஆய்வுக்கூடம் எழுதித் தந்தது. மெதெர்பெக் அதைப் போடச் சொன்னார். டாக்டர் தமிரா மறுத்துவிட்டார்.

“அண்ணே, இப்ப உங்களுக்கு ஒண்ணுமில்ல. காகிதத்துக்காக இதப் போட்டுட்டா, நாளைக்கு நெசக் காய்ச்சலுக்கு நான் எதப் போடுறது?”

“நீங்க ஏரியில மெதந்ததில்ல, டாக்டரம்மா.”

மனைவி சூரா மனசு கேட்காமல் கடையில் அந்த ஊசியை வாங்கியே வந்துவிட்டாள். பெட்டி மூன்று நாள் மேசைமேல் இருந்தது. நாலாம் நாள் மெதெர்பெக் அதைக் குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னார்.

ஜூனில் அசனாலி ஏரியிலிருந்து பேசினான். “ஏழு ஊசி போட்டேன். காகிதம் பளிச்சுன்னு வந்துச்சு. ஒனக்கென்ன, ஊசின்னா பயமாய்யா?” அலைச் சத்தம் கேட்கட்டும் என்று போனைத் தூக்கிப் பிடித்தான். மெதெர்பெக் இணைப்பைத் துண்டித்தார். அந்த மாதம் முழுக்கச் சூராவிடம் எரிந்து விழுந்தார்.

அக்டோபரில் நிஜக் காய்ச்சல் வந்தது. பல் கிட்டியது, உணர்ச்சியில்லாத கால்கள்கூடத் தாமாக விறைத்தன. தமிரா வந்து குளிர்பெட்டி ஊசியைப் போட்டார். மூன்றாம் நாள் வேர்த்துக் கொட்டியது. நூடுல்ஸ் சூப் கேட்டார். கிருமியெல்லாம் செத்துவிட்டதா என்று விசாரித்தார்.

“காய்ச்சல்தான் போச்சு. அதுங்க திரும்ப வரும்ணே.”

“வந்தா இருந்துட்டுப் போகட்டும்.”

ஜனவரியில் அசனாலிக்குக் காய்ச்சல் கண்டது. ஆய்வுக்கூடம் தந்த பட்டியலில் அவன் கிருமியைக் கொல்ல ஒரு மருந்தும் மிஞ்சவில்லை. ஒன்பது நாள் கிடந்தான்.

அவனுடைய நாற்பதாம் நாள் நினைவுச் சடங்குக்கு மெதெர்பெக் பக்கத்து வீட்டுக் காரில் போனார். தொழுகை முடிந்ததும் அசனாலியின் மனைவி ஆய்வுக்கூடக் காகிதங்களை அடுக்கிய உறையொன்றை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள்.

“நீங்களே பாருங்கண்ணே. ஒரு வருஷம்கூட அவருக்குக் கிருமி இருந்ததில்ல.”

மெதெர்பெக் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பன்னிரண்டும் சுத்தமாக இருந்தன.