எதிர்ப்பக்கம் சுழன்ற ஏழு பூக்கள்

அடையாறு பாலத்தின் நடுவில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி மக்கர். இறங்கி நடந்தால் கல்லூரிக்கு முதல் மணிக்குள் போய்விடலாமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் கவனித்தேன். மடியில் டிபன் பை, பைக்குள் வெள்ளை நூல் கண்டு. நூல் பையிலிருந்து மேலே ஏறி அவள் விரலைச் சுற்றி, ஒரு சின்னக் கொக்கி ஊசிக்குள் போய்க் கொண்டிருந்தது. குரோஷா. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் எங்கள் பிளாக்கில் குரோஷா விரிப்பு போடாத டிவியே கிடையாது. நான் பார்த்தது ஊசி இருந்த கையை.

இடது கை.

"அக்கா, நீங்க லெஃப்டா?"

"பாத்தா தெரியல?"

"இத லெஃப்ட்ல போடலாமா?"

அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "போட்டுக்கினுதானே கீறேன்?"

பஸ் கிளம்பியது. டெப்போவில் அவள் இறங்கிப் போய்விட்டாள். பிறகு அவளை நான் பார்த்ததேயில்லை. ஆனால் அன்று முழுக்க வகுப்பில் கரும்பலகையில் என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. டெஸ்க்குக்கு அடியில் என் இடது கை பேனாவை ஊசி மாதிரிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. கல்லூரியில் கணக்குப் படிப்பு, முதல் வருடம். பிறந்ததிலிருந்து நான் இடது கைக்காரி, ஆனால் அந்தக் கையால் உருப்படியாக ஒரு வேலையும் செய்ததில்லை. செய்ய விட்டதில்லை என்பதே சரி. ஒன்றாம் வகுப்பில் பென்சிலை இடது கையில் எடுத்தபோது, டீச்சர் என் ரிப்பனையே அவிழ்த்து அந்தக் கையை பெஞ்சோடு கட்டினார். ஒரு பக்கம் பின்னல், ஒரு பக்கம் தலைவிரி கோலமாக வீட்டுக்கு வந்தேன். அம்மா டீச்சருடன் சண்டைக்குப் போவாள் என்று நினைத்தேன். அம்மா மறுநாள் கூடுதலாக ஒரு ரிப்பன் கொடுத்து அனுப்பினாள். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். "பீச்சாங்கையால ஒரு கரண்டி சோறு போட்டுப் பாரு, அந்த வரிசையே எழுந்து பூடும்" என்பாள். அது பொய்யில்லை. அதனால் எழுத்து, சாப்பாடு, கோலம், காசு கொடுப்பது எல்லாம் வலது கைக்கு மாறின. என் கையெழுத்து இன்றும் யாரோ சொல்லச் சொல்ல அடுத்தவர் எழுதியது போலத்தான் இருக்கும்.

குரோஷா மட்டும் மிச்சமிருந்தது. அதை எனக்கு யாரும் எந்தக் கையாலும் சொல்லித்தரவில்லை. அப்படியானால் அது என் கைக்கு.

சனிக்கிழமை தி.நகர் போனேன். ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் பாசி, லேஸ், பட்டன் விற்கும் சின்னக் கடை.

"இடது கைக்குத் தனியா ஊசி இருக்காங்க?"

கடைக்காரர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "நைனா, இங்க வந்து பாரு, லெஃப்ட் ஊசி கேக்குது பாப்பா!" பிறகு ஒரு ஊசியைக் கண்ணாடி மேல் வைத்தார். "ஊசிக்கு இன்னாமா தெரியும், எந்தக் கைன்னு?"

வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

சொல்லித்தர ஆள் வீட்டிலேயே இருந்தாள். என் தங்கை. வயது பன்னிரண்டு, வாய்க்கு வயது நாற்பது. கீழ்வீட்டு டெய்லர் அக்கா அவளுக்கும் பிளாக்கிலிருந்த மற்றப் பெண்களுக்கும் குரோஷா பழக்கியிருந்தார். அம்மாவுக்குத் தெரியாமல் இருக்க மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் பாடம். தங்கை என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து போட்டுக் காட்டுவாள். அவள் வலது கை போகும் வழியை என் இடது கையால் பிடிக்கப் பார்ப்பேன். நூல் ஊசிக்கு வரவேண்டிய இடத்தில் என் முழங்கை இருக்கும். முதல் பாடமான செயின், அதாவது சங்கிலித் தையல், போடவே மூன்று நாள். போட்ட செயினும் ஊசி நுழையாத அளவுக்கு இறுகிப்போய், மூக்குப்பொடி டப்பா மூடி மாதிரி திறக்காமல் இருந்தது.

"கழுத்த நெரிக்கிற மாதிரி இழுக்காதக்கா. நூல் இன்னா பண்ணிச்சி உன்ன?"

"நீ ஒழுங்கா காட்டு."

"நான் ஒழுங்காத்தான் காட்டறேன். உன் கைதான் ராங் சைடுல மாட்டிக்கினு கீது."

நான் அவள் தலையில் குட்டினேன். அவள் கண்டை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், துணி துவைக்கும் கல்லின் மேல் எனக்கு நேர் எதிராக, முறைத்தபடி உட்கார்ந்தாள். முறைத்தபடியே போட ஆரம்பித்தாள். நான் பார்த்தேன். அவள் ஊசிக் கையும் என் ஊசிக் கையும் ஒரே பக்கம் இருந்தன. நிலைக்கண்ணாடியில் தலை வாருவது போல. அவள் நூலைச் சுற்றினால் நானும் சுற்றினேன். அவள் இழுத்தால் நானும். ஆறு செயின், ஒரு வளையம், வளையத்துக்குள் பன்னிரண்டு தையல்.

"ஏய், எழுந்துக்காத. அங்கியே உக்காரு!"

"குட்டினல்ல? சாரி சொல்லு."

சொன்னேன். அவ்வளவு சுலபமாக நான் யாரிடமும் சாரி சொன்னதில்லை. பத்து நாளில் டபுள், டிரிபிள் தையல் எல்லாம் வந்துவிட்டது. பஸ்ஸில் போட்டேன், வகுப்பில் கடைசி பெஞ்சில் போட்டேன். அவ்வளவு காலம் சும்மா கிடந்த கை, ஒரு நிமிடம் விட மாட்டேன் என்றது.

அந்த சமயத்தில்தான் இரண்டாவது மாடி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பிளாக்கில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பெண்ணுக்கு பிளாக் பெண்கள் எல்லாரும் சேர்ந்து குரோஷாவில் ஒரு டிவி விரிப்பு போடுவார்கள். சீர்த்தட்டில் பழம், பூ, குங்குமத்தோடு அதையும் மடித்து வைத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவார்கள். இந்த முறை டெய்லர் அக்கா தேர்ந்தெடுத்தது சுழல் பூ: நடுவில் வட்டம், அதிலிருந்து காற்றாடி போல ஆறு இதழ், வெளிவிளிம்பு ஆறு பக்கம். அப்படி முப்பது பூ. ஆளுக்குக் கொஞ்சம் வீட்டில் போட்டுக் கொடுக்க வேண்டும். தங்கை மூலமாக நானும் ஏழு பூவுக்கு நூல் வாங்கிக்கொண்டேன். ஏழும் என் வாழ்நாளில் நான் போட்ட முதல் முழு வேலை. தங்கை தன்னுடையதோடு சேர்த்து ஒரே பையில் போட்டு டெய்லர் அக்காவிடம் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டெய்லர் அக்கா வீட்டில் பாய் விரித்து, முப்பதையும் வரிசையாக அடுக்கினார்கள். சேர்த்துப் பின்னுவதற்கு முன் பார்வையிடுவது. கல்யாணப் பெண், அவள் அம்மா, என் அம்மா, பிளாக்கின் பாதிப் பெண்கள்.

"இன்னாடி இது," என்றார் டெய்லர் அக்கா. "இந்த ஏழு ரிவர்ஸ்ல சுத்துது?"

இருபத்து மூன்று பூ ஒரு பக்கமாகச் சுழன்றன. ஏழு அதற்கு எதிராக. கணக்குப் படிக்கிறவள் நான், எதிரே உட்கார்ந்து கற்றதெல்லாம் இடம் வலம் மாறித்தான் வரும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. என்னுடையதை என்னுடையதோடு மட்டுமே வைத்துப் பார்த்திருந்தேன்.

யாரோ ஒருத்தி அதில் ஒன்றைத் திருப்பிப் போட்டாள். சுழல் சரியானது, ஆனால் அடிப்பக்கத்து முடிச்செல்லாம் மேலே வந்தது.

"யார் கை இது?" என்றார் டெய்லர் அக்கா.

தங்கை மின்விசிறியைப் பார்த்தாள்.

"என் கை," என்றேன்.

"எந்தக் கை?"

தூக்கிக் காட்டினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அய்ய! கல்யாண சாமான்டி! சீர்த்தட்டுல வெக்கிறது! அதுல போய் பீச்சாங்கைய வெச்சிக்கிறியே!"

"கழுவிட்டுத்தான்க்கா போட்டேன்."

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். டெய்லர் அக்கா சிரிக்கவில்லை. "வாய் மட்டும் நல்லா ரைட்ல சுத்துது. பிரி. ஏழையும் பிரிச்சி நூலக் குடு, உன் தங்கச்சி போடட்டும்."

"பிரிக்க மாட்டேன்."

கல்யாணப் பெண்ணின் அம்மா முன்னால் வந்தார். "போற எடத்துல என் பொண்ணுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா நீயா வந்து பதில் சொல்லுவ?"

எனக்குக் காது சூடேறியது. "ஆன்ட்டி, மாப்ள தாலி கட்டும்போது மூணு முடிச்சையும் ஒத்தக் கையாலயா போடுவாரு? டெய்லர் அக்கா, மிஷின்ல ஜாக்கெட் துணிய எந்தக் கையால தள்றீங்க? முகூர்த்த ஜாக்கெட்டு கூட நீங்கதானே தெச்சீங்க?"

டெய்லர் அக்கா தன் இடது கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு, "பொண்ணையா வளத்துக்கிற நீ?" என்று அம்மா பக்கம் திரும்பினார்.

அம்மா எழுந்தாள். "என் பொண்ண நான் எப்டி வளத்தா உனக்கின்னா? பூவு நல்லாத்தானே கீது? வேணாம்னா குடு." ஏழையும் பாயிலிருந்து பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். மாடிப்படி ஏறுகிற வரைக்கும் அவள் மேல் எனக்கு இருந்த பெருமையை அளக்க முடியாது. கதவைச் சாத்தியதும் திரும்பினாள்.

"பிரி."

"அம்மா!"

"அவ சொல்லக் கூடாது. நான் சொல்லுவேன். பிரி."

"மாட்டேன்."

இரண்டு நாள் எங்கள் வீட்டில் தட்டுகள் மட்டும்தான் பேசின. டெய்லர் அக்காவுக்கு நூலுக்கு நூல் வாங்கிக் கொடுத்தேன். குறைந்த ஏழு பூவை வேறு யார்? என் தங்கைதான் உட்கார்ந்து போட்டாள்.

"துரோகி," என்றேன்.

"கல்யாணத்துல ஐஸ்கிரீம் போடறாங்க," என்றாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கல்யாணப் பெண் என்னைத் தேடி மொட்டை மாடிக்கு வந்தாள். தொட்டிப் பக்கம் நின்று, குரலைத் தாழ்த்தி, "அந்த ஏழும் என்கிட்ட குடுத்துடுடி. பொட்டி அடியில வெச்சி எடுத்துக்கினு போறேன், யாருக்கும் தெரியாது" என்றாள். நல்ல மனசு. அவளை எனக்குப் பிடிக்கும். ஒரு நொடி கொடுத்துவிடலாம் என்றுகூட இருந்தது.

"எல்லார் எதிர்லயும் வாங்கிக்கோக்கா, தரேன். பொட்டி அடிக்குன்னா வேணாம்."

"உனக்கென்ன, நீ பேசுவ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவள் சொன்னது சரிதான். இருந்தாலும் நான் கூப்பிடவில்லை. சீர்த்தட்டில் முப்பது பூவும் ஒரே பக்கம் சுழன்றபடி மாப்பிள்ளை வீட்டுக்குப் போயின.

என்னிடம் ஏழு இருந்தன. தரையில் பரப்பிப் பார்த்தேன். ஆறு பக்கம் கொண்ட ஒன்றை நடுவில் வைத்தால் சுற்றிலும் ஆறு, இடுக்கு இல்லாமல் உட்காரும். இதாவது என் கணக்குப் புத்திக்கு முன்கூட்டியே தோன்றியதே. சேர்த்துப் பின்னினேன், பட்டப் பகலில், கூடத்தில், அம்மா எதிரில், இடது கையால். அம்மா பருப்பு புடைத்துக்கொண்டே பார்த்தாள். "கையை மாத்து" என்று அவள் சொல்லாத முதல் நாள் அது. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் மாடியில் கேபிள் கனெக்‌ஷன் எங்கள் வீட்டில் மட்டும்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் பார்க்க எல்லாரும் வருவார்கள். அந்த வெள்ளிக்கிழமை டிவிக்கு மேல், நடுவில், ஏழு பூவையும் விரித்து வைத்தேன். எல்லாரும் வந்தார்கள். டெய்லர் அக்காவும் வந்தார். விளம்பரம் வந்தபோது எழுந்து போய் விளிம்பைத் தூக்கி, சேர்ப்புத் தையலை நகத்தால் தடவினார்.

"மூலையில சுருங்காம எப்டி கொண்டாந்த?"

"ஒரு செயின் கூடப் போட்டேன்க்கா."

"ம்." திரும்பி வந்து உட்கார்ந்தார். "கட்டில் விரிப்புன்னா ரொம்ப நாளாவும்" என்றார், திரையைப் பார்த்துக்கொண்டே.

ஆகட்டும். கட்டில் விரிப்புக்கு எத்தனை பூ என்று அன்றிரவே கணக்கெழுத ஒரு நோட்டை எடுத்தேன். பேனா பழக்கத்தில் வலது கைக்குப் போனது. மாற்றினேன். 'ஆறு செயின்' என்று எழுத ஒரு நிமிடம் பிடித்தது. எழுத்துகள் குடிகாரர்கள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தன, உள்ளங்கையெல்லாம் மை. ஊசியும் முதல் மூன்று நாள் இப்படித்தான் இருந்தது.

திங்கட்கிழமை கல்லூரியில் மாதத் தேர்வு. கணக்கை எல்லாம் பழைய கையே போடட்டும், மார்க் வேண்டும். ஆனால் விடைத்தாளின் மேலே, பெயர் எழுதும் கோட்டில், என் பெயரை மட்டும் இந்தக் கையால் எழுதிப் பார்க்கப் போகிறேன்.