இருட்டினால் அடிக்கும் போன்

மற்ற வியாபாரத்தில் பொருளைக் கையில் கொடுத்ததும் கதை முடிந்துவிடும். சோலார் லைட் வியாபாரத்தில் பகலில் விற்கிறோம், கதையே இருட்டிய பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ஆம்பூர் பஜாரில் ஒரு எலெக்ட்ரிகல் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவள் நான். பெயர் ரூபி. ஷூ கம்பெனியில் மிஷின் முன்னால் உட்கார்ந்து தைத்துத் தைத்துத் தோள்பட்டை தேய்ந்துபோனதால் இங்கே வந்து சேர்ந்தேன். வீட்டுக்கு வெளியே மாட்டுகிற சோலார் லைட்டெல்லாம் என் பொறுப்பு. காம்பவுண்டு சுவரில் வைப்பது, தோட்டத்து மண்ணில் குத்துவது, ஆள் வந்தால் மட்டும் எரிவது, விடிய விடிய எரிவது என்று பல தினுசு. மாட்டிக் கொடுக்க சம்பத் என்று ஒரு எலெக்ட்ரீஷியன் இருக்கிறான். முதலாளியை எல்லோரும் பாய் என்போம். நீங்களும் ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்று அவஸ்தைப்பட்டவராக இருந்தால், இதைப் பாதி படிக்கும்போதே தலையாட்ட ஆரம்பித்துவிடுவீர்கள்.

சாயங்காலம் ஏழு மணியானால் என் கண் போன் மேலேயே இருக்கும். லைட் எரியவில்லை என்று கஸ்டமர்கள் கூப்பிடுகிற நேரம் அது. என் மகள் ஜெனி கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் தெருவுக்குள் நடக்கிற நேரமும் அதுதான். டிப்ளமோ முடித்து, ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறாள். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கிற குடோன் சுவர், இன்னொரு பக்கம் முள்ளுச் செடி, நடுவில் ஒரு வளைவு. கம்பத்து லைட் எப்போதோ கண்ணை மூடிவிட்டது, மனு கொடுத்துக் கொடுத்து நாங்களும் ஓய்ந்துவிட்டோம். அந்த நேரத்தில் நான் கடையில், என் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற டேனரியில் செகண்ட் ஷிஃப்டில். கூட்டி வர ஆள் கிடையாது. வீடு போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஒருநாள் வளைவில் யாரோ பின்னாலேயே வந்த மாதிரி இருந்தது என்று ஜெனி வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், வீட்டுக்காரர் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே முடித்துவிட்டார்.

"மழைக்காலம் வர்றதுக்குள்ள அந்த வளைவுக்கு வெளிச்சம் வரணும். வரலன்னா அவ வேலைக்குப் போவ வேணாம்."

வெயில் படாத சோலார்

பேரணாம்பட்டிலிருந்து ஒருவர் வந்து வாசலுக்கு ஒரு லைட் வாங்கிப் போனார். இரண்டு நாள் கழித்து, சரியாக ஜெனி பஸ் இறங்குகிற நேரத்தில் போன். ஆள் கொதிக்கிறார். முதல் நாள் எரிந்ததாம், அப்புறம் செத்துப்போச்சாம், டூப்ளிகேட் சரக்கைத் தலையில் கட்டிவிட்டோமாம். பாய் என்னையே பார்க்கிறார். இவர் லைனை விடாமல் பேசினால் ஜெனியின் கால் எப்படி வரும்? மாட்டின இடத்தை போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லி வைத்தேன்.

போட்டோ வந்தது. சன்ஷேடுக்கு அடியில், சூரியனே நினைத்தாலும் நுழைய முடியாத ஒரு மூலையில் லைட்டை மாட்டியிருந்தார். பெட்டியில் வந்த பிளாஸ்டிக் கவரையும் பிரிக்கவில்லை. மறுபடி கூப்பிட்டு, "சார், இதுக்கு வெயில்தான் சாப்பாடு. வெளிய மாட்டுங்க" என்றேன். அவர் ரொம்பப் பொறுமையாக, எனக்குப் புத்தி சொல்கிற குரலில் சொன்னார்.

"இன்னாம்மா பேசற? காசு குடுத்து வாங்கின புதுப் பொருள வெயில்ல காய வுட்டா கலர் போயிடாதா?"

பூசணிக்காய்

வேலூர் பக்கத்தில் ஒரு புது வீடு. கிரகப்பிரவேசத்துக்கு நம்மிடம்தான் வாசல் லைட் வாங்கினார்கள். எட்டு மணிக்கெல்லாம் கண் சொருகிவிடுகிறது என்று அந்த வீட்டம்மா புகார். சம்பத்தை அனுப்பினேன். போனவன் அங்கிருந்தே கூப்பிட்டான். மொட்டை மாடிச் சுவரிலிருந்து ஒரு திருஷ்டிப் பூசணிக்காய் தொங்குகிறதாம். மீசை, கோரைப் பல், தொங்குகிற நாக்கு எல்லாம் வரைந்து, நல்ல பெரிய காய். அதன் நிழல் வெயில் உறைக்கிற நேரமெல்லாம், வெயிலை உறிஞ்சுகிற பேனல் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு அடி தள்ளிக் கட்டினால் போதும். போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி நானே கெஞ்சினேன். நல்ல நேரம் பார்த்துக் கட்டினதை நகர்த்த முடியாது என்றார். அப்படியானால் லைட்டையாவது நகர்த்தலாமா என்றேன். அதுவும் வாஸ்து பார்த்து வைத்த இடமாம்.

"லைட்டு இல்லன்னா வெளிச்சம் கம்மி, அவ்ளோதான். பூசணிக்கா இல்லன்னா வீட்டுக்கே ஆவாது."

டாட்டா

போன வருஷம் குடியாத்தத்து அம்மா ஒருவர், ஆள் வந்தால் எரிகிற லைட்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். நானும் புகழ்ந்துதான் விற்றேன். பேட்டரி மிச்சமாகும், மழை நாளிலும் தாக்குப்பிடிக்கும், ஆள் நடமாட்டம் தெரிந்தால் பளிச்சென்று எரியும் என்றெல்லாம் அளந்தேன். மார்கழி பிறந்தது. விடிகாலையில் கோலம் போட உட்கார்ந்திருக்கிறார். கோலம் போடுகிறவர்கள் குதித்துக்கொண்டா போடுவார்கள்? அசையாமல் குனிந்து புள்ளி வைத்தால், ஆள் போய்விட்டதாக நினைத்து லைட் அணைந்துவிடுகிறது. கையை ஆட்டினால் எரிகிறது. மறுபடி குனிந்தால் மறுபடி இருட்டு. எதிர்வீட்டு அம்மா இதைப் பார்த்து, இவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து ஆளைக் கூப்பிட்டுவிட்டாராம். லைட்டைக் கவுண்டரில் வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"நான் புள்ளி வெக்கிறதா, உங்க லைட்டுக்கு டாட்டா காட்றதா?"

பாலாற்றங்கரை

விரிஞ்சிபுரம் பக்கத்தில் நிலம் வைத்திருக்கிற ஒருவர். பாலாற்றங்கரையை ஒட்டின வீடு, சுற்றிலும் புதர். பாம்பு பயத்துக்காக வீட்டைச் சுற்றி நான்கு லைட் வாங்கிப் போனார். சில வாரத்தில் நான்கையும் கழற்றிப் பையில் போட்டு எடுத்துவந்துவிட்டார். கோபமில்லை, ஏமாந்த முகமும் இல்லை. பயந்துபோன முகம். எரிகிறதா என்று கேட்டேன், நன்றாக எரிகிறது என்றார். அப்புறம் என்ன என்றதற்கு நிதானமாக விவரம் சொன்னார்.

"லைட்டுக்கு ஈசல் வருது, ஈசலுக்குத் தவள வருது, தவளைக்குப் பாம்பு வருதும்மா. முன்ன பாம்பு இருக்கறதே எனக்குத் தெரியாது, நிம்மதியா தூங்குவேன்."

நானே கஸ்டமர்

அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. எங்கள் தெருவின் முள்ளுச் செடிதான் கண் முன்னால் வந்து வந்து நின்றது. மழைக்காலம் நெருங்குகிறது, வீட்டுக்காரர் சொன்ன கெடு நெருங்குகிறது, நானோ ஊரிலுள்ள வாசலுக்கெல்லாம் வெளிச்சம் விற்றுவிட்டு என் வளைவுக்கு எதை வாங்குவது என்று தெரியாமல் நிற்கிறேன். ஆள் வந்தால் எரிவதை மாட்டினால் பேட்டரி பிழைக்கும். ஆனால் ஜெனி இருட்டுக்குள்ளேயேதான் வளைவு வரைக்கும் வர வேண்டும், அங்கே யாராவது அசையாமல் நின்றிருந்தால்? பொழுது சாய்ந்ததிலிருந்து எரிவதை மாட்டினால் தூரத்திலிருந்தே எல்லாம் தெரியும். ஆனால் மழை பிடித்தால் அது எத்தனை நாள் தாங்கும்?

எல்லாப் பெட்டியையும் பிரித்தேன். ஒவ்வொன்றையும் மேஜைக்கு அடியில் கொண்டுபோய், துப்பட்டாவால் மூடி, எரிகிறதா என்று பார்த்தேன். தண்ணீர் புகுமா, திருடிக்கொண்டு போவார்களா, நீ உன் வீட்டுக்கு வாங்கினால் எதை வாங்குவாய் என்று சம்பத்தைக் கேட்டேன். கேட்டதையே திரும்பக் கேட்டேன். கடைசியில் பொழுது சாய்ந்ததிலிருந்து எரிகிற மாடலைப் பில் போட்டுவிட்டு, சாயங்காலத்துக்குள் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டபோது அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டான்.

"அக்கா, உன்ன மாதிரி இன்னொரு கஸ்டமர் வந்தாங்கன்னா நான் டேனரிக்கே வேலைக்குப் போயிடறேன்."

வளைவு வீட்டுக்காரர்

வளைவில் இருக்கிற ஒரே வீடு ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டருடையது. அவர் சுவரில்தான் மாட்ட வேண்டும். ஜெனியையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். படுக்கை அறை ஜன்னல் அந்தப் பக்கம்தானாம், வெளிச்சம் முகத்தில் அடித்தால் தூக்கம் வராதாம், தூக்கம் வராவிட்டால் பிரஷர் ஏறுமாம். மனுஷன் முகத்தில் நிஜமாகவே கவலை. பயப்படுகிறவர்களைப் பார்த்தால் நானும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவேன். சம்பத்தான் ஒரு தகரத்தை வளைத்து லைட்டுக்குத் தடுப்பு வைத்தான். இருட்டினதும் கண்டக்டர் கட்டிலில் படுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டு பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் வெளியே ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி நின்றோம். ஜன்னல் வழியாகக் குரல் வந்தது.

"எரியட்டும். ஆனா ஒரு நாள் தூக்கம் கெட்டாலும் நானே கழட்டி வெச்சிடுவேன், அப்புறம் வந்து கேக்கக் கூடாது."

வெளிச்சத்துக்கு வந்தவர்கள்

முதல் வாரம் நான் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டேன். மிஸ்டு கால் நேரத்துக்கு வந்தது. அடுத்த வாரம் ஒருநாள் நான் வீட்டுக்குப் போனபோது ஜெனி உம்மென்று இருந்தாள். கேட்டுக் கேட்டுத்தான் சொன்னாள். வளைவில் ஒரு சின்ன வாய்க்கால் பாலம் இருக்கிறது. நல்ல வெளிச்சம் வந்துவிட்டதால் எங்கிருந்தோ நான்கு ஆம்பளைகள் வந்து அதன் மேல் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறார்கள். ஒன்றும் சொல்வதில்லை, செய்வதில்லை. இவள் வரும்போது மட்டும் பேச்சை நிறுத்துகிறார்கள். வீட்டுக்காரர் காதுக்குப் போனால் ஜெனியின் வேலை அன்றோடு போச்சு. லைட்டைக் கழற்றிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வைத்தால் ஒரு பயம், கழற்றினால் ஒரு பயம்.

"இருட்டுல வந்தப்போ என்ன யாருக்கும் தெரியாதும்மா. இப்போ மெயின் ரோட்ல திரும்பறதுல இருந்தே அவங்களுக்கு நான் தெரியறேன்."

வராத கால்

ஒருநாள் கடையில் சரியான கூட்டம். புது வீடு கட்டுகிற ஒரு குடும்பமே வந்து காம்பவுண்டு லைட் பார்த்துக்கொண்டிருக்கிறது. உருண்டையா சதுரமா என்று அவர்களுக்குள் சண்டை. மணி ஏழேகால் ஆகிறது, கால் இல்லை. ஏழரை, இல்லை. நான் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. சதுரம் கேட்டவருக்கு உருண்டையைக் கொடுத்தேன். பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க கெளம்புங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தேனா நின்றேனா தெரியாது. கர்த்தரே கர்த்தரே என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

தெருமுனையில் இறங்கி ஓடினேன். வளைவில் லைட் எரிகிறது. பாலத்தின் மேல் அந்த நான்கு பேரும் இருக்கிறார்கள். லைட்டுக்கு நேர் கீழே ஜெனி நிற்கிறாள், கூடவே டிபன் பையோடு இன்னும் இரண்டு பெண்கள், மூன்று பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. யாரோ ஒரு சூப்பர்வைசர் பேசுகிற மாதிரி ஒருத்தி பேசிக் காட்டுகிறாள். போன் பையில், சைலண்டில். எனக்கு உயிர் வந்த வேகத்தில் கோபமும் வந்தது. நடுத்தெருவில் அவளைத் திட்டினேன், திட்டிக்கொண்டே அழுதேன். ஆம்பளைகள் எழுந்து போய்விட்டார்கள், பயந்தா சங்கடப்பட்டா என்று தெரியாது. மற்ற இரண்டு பெண்களும் பின்னால் இருக்கிற காலனிக்காரர்கள், அதே கம்பெனி பஸ்தான். அதில் ஒருத்தி என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னாள்.

"நாங்க எப்பவும் மெயின் ரோட்ட சுத்திக்கினுதான் போவோம் ஆன்ட்டி. பஸ்ல இருந்து பாத்தா இந்த லைட்டு தெரிஞ்சுது, இனிமே ஜெனி கூட இப்பிடியே வந்துடுவோம்."

ஞாயிற்றுக்கிழமை

அன்றிலிருந்து மூன்று பேராகத்தான் வருகிறார்கள். பாலத்தின் மேல் சில நாள் அந்த ஆட்கள் இருக்கிறார்கள், சில நாள் இல்லை. அவர்கள் பேச்சை நிறுத்தினாலும் இப்போது தெரிவதில்லையாம், இவர்கள் மூன்று பேர் பேசுகிற பேச்சில் வேறு எதுவும் காதில் விழுவதில்லையாம். நடந்ததையெல்லாம் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், ஜெனியின் வேலையைப் பற்றி அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று காத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும், சட்டையைக் கழற்றிவிட்டு, கையில் ஒரு ஈரத்துணியோடு அவர் வளைவுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். கண்டக்டர் வீட்டு ஸ்டூலை வாங்கிப் போட்டு ஏறி, பேனலில் படிந்திருந்த தூசியை மூலை மூலையாகத் துடைத்தார். மலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. அதை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். கடையில் யார் கேட்டாலும் யோசிக்காமல் "தாராளமா தாங்கும் சார்" என்று சொல்கிறவள் நான்.

"நாலு நாளு சேர்ந்தாப்ல மழ புடிச்சா இது தாங்குமா ரூபி? மூணு பொண்ணுங்க வருதுங்க."

ஊருக்கெல்லாம் சிரித்த முகத்தோடு கேரண்டி கார்டு கொடுக்கிற நான், இப்போது தினமும் காலையில் கண் விழித்ததும் காப்பிகூடக் குடிக்காமல் முதலில் வானத்தைத்தான் போய்ப் பார்க்கிறேன்.