நிலாவுக்கு நீலம் பூசியவர்

செவ்வாய்க்கிழமை காலை ஞானதுரை அண்ணாச்சியின் மகள் என் வாட்ஸ்அப்புக்கு அவருடைய படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். வெளிச்சம் குறைவு, கன்னத்தில் நிழல் என்று பார்த்த பிறகுதான் கீழே இருந்த வரியைப் படித்தேன். "அப்பா போயிட்டாவ மாமா. பேனருக்குப் படத்தைச் சரிபண்ணிக் குடுங்க." சங்கரன்கோவில் கல்யாண ஆல்பங்களுக்கு நிறம் திருத்துபவன் நான். இருபது வருடம் அவர் கல்யாணப் படம் எடுத்தார், நான் திருத்தினேன். அன்று அழுகைகூட வரவில்லை. படத்தைத் திறந்து வேலையை ஆரம்பித்தேன்.

நம் போட்டோகிராபர் சங்கத்தில் அவரைத் தெரியாதவர் இல்லை. ஆடித்தபசுத் திருவிழா அன்று நாமெல்லாம் கேமராவோடு ரத வீதியில் இடிபட, அவர் ஸ்டுடியோ மாடியில் நின்று நிலாவை எடுப்பார். ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கணக்கில். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் நிலாவின் மண் நிறம் தெரியும் என்பார். "டைட்டானியம் கிடக்குற இடம் நீலமா வரும் வே. நம்ம கண்ணுக்கு எட்டல, அவ்வளவுதான்."

அப்படி ஒரு படத்தைப் பிரிண்ட் போட என்னிடம்தான் தந்தார். எந்தப் படத்தைத் திறந்தாலும் முகத்தை வெளுப்பாக்கும் பட்டனைத் தட்டுவது என் கைப்பழக்கம். நிலாவுக்கும் தட்டிவிட்டேன். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஏன் வே, நிலாவுக்கு என்ன மாப்பிள்ளையா பாக்கப் போறோம்?"

மறுபடி போட்டபோது நீலமும் பழுப்புமாக வந்தது. சங்கக் கூட்டத்தில் சுவரில் மாட்டினோம். "நெசமாவா?" என்று யாரோ கேட்க, நான் வாய்க்கொழுப்பில், "அண்ணாச்சி பூசினதுதான்" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். "பூசல வே, உள்ளதைக் கூட்டினேன்" என்றார். யார் காதிலும் விழவில்லை. கூட்டம் முடிந்ததும் படத்தைக் கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். அதன்பின் கல்யாண வேலை வழக்கம்போல வந்தது. நிலாவைப் பற்றி மட்டும் என்னிடம் பேசவே இல்லை. கோபமா, வருத்தமா, எனக்குத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

பேனர் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணாச்சியின் மனைவி, எனக்கு மதினி, அதையே வெகுநேரம் பார்த்தார். "இது யாரு தம்பி? அவுக கறுப்புல்லா?" பட்டனைத் தட்டியது எனக்கே நினைவில்லை. கூசிப்போய்த் திரும்பி வந்து, மாற்றிக் கொடுத்தேன்.

அடக்கம் முடிந்த மறுவாரம் நிலாப் படங்கள் இருந்த அவருடைய ஹார்ட் டிஸ்கைக் கேட்டு வாங்கினேன். பூசியிருந்தால் அது என் கண்ணுக்குத் தப்பாது. படங்களை நானே அடுக்கினேன், நானே நிறத்தைக் கூட்டினேன். அவர் படத்தில் நீலம் இருந்த அதே இடத்தில் நீலம். வேறொரு மாதம் எடுத்ததிலும் அதே இடம். மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தால் நிலா வெள்ளையாகவே நின்றது. இத்தனை காலம் நான் பார்த்தது எதை என்று இப்போதும் குழப்பமாகத்தான் இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை என்பதில் குழப்பமே இல்லை.

கூட்டத்தில் சொன்னதைக் கூட்டத்தில்தானே திரும்ப எடுக்க வேண்டும்? அதற்காகத்தான் சங்கக் கூட்டத்தில் உங்கள் முன் வாசிக்க இதை எழுதுகிறேன். அந்தச் சுருட்டிய படத்தை மதினி என்னிடமே தந்துவிட்டார். என் மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். அண்ணாச்சி, நீங்கள் பூசவில்லை. இருபது வருடமாகப் பூசியவன் நான்தான்.