ஊசி அக்காவின் நான்கு டயர்கள்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு 'ஊசி அக்கா' என்று பேர் வைத்த புண்ணியவான் யார் என்று தெரியாது. காலை ஆறரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் பதினொன்றரைக்குள் நாற்பது கைகள் அவள் முன்னால் நீளும். ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டித் தேடி, குத்துவதற்கு முன் "வலிச்சா சொல்லுங்க" என்பாள். நாற்பது தடவை, இருபத்தோரு வருஷமாக. வீட்டுக்கு வரும்போது அவளிடம் இருந்த பேச்செல்லாம் தீர்ந்துபோயிருக்கும்.

வீட்டில் கணவர் இருக்கிறார். லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிப்ட் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலக்கை, வலக்கால் இரண்டும் படுத்துவிட்டன. பேச்சு போய், பத்துப் பதினைந்து வார்த்தைகள் மிஞ்சின; அவையும் முட்டி மோதிக்கொண்டுதான் வெளியே வரும். அன்றிலிருந்து எந்தச் சட்டை, எத்தனை மணிக்குத் தூக்கம், எந்த மருத்துவர், டிவியில் எந்தச் சேனல் எல்லாம் அவள் முடிவுதான். அவரைக் கேட்டால் ஒரு பதிலுக்குக் கால் மணி நேரம் ஆகும். கால் மணி நேரத்துக்கு அவள் எங்கே போவாள்?

அவருடைய கார் ஒன்று மிச்சம். சின்ன சிவப்புக் கார். உருவம்தான் சின்னது, திமிர் பெரிசு. தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். சாவியைத் திருகினால் எதிர்வீட்டு ஜன்னல் அதிரும். நாற்பத்துநாலு வயதில் அதை வாங்கி வந்தபோது சொந்தபந்தமெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக மலைப்பாதைக்கு எடுத்துப்போய் வளைவுகளில் விரட்டிவிட்டு, புது மாப்பிள்ளை மாதிரி திரும்பி வருவார். இப்போது அதை ஊசி அக்கா ஓட்டுகிறாள். வாரத்தில் இரண்டு நாள், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, உடற்பயிற்சி சிகிச்சைக்கு.

அந்தச் சாலையைச் சாலை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தூக்கிப்போட, அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். போன செவ்வாய்க்கிழமை வீட்டு வாசலில் கதவுச் சட்டத்தை இடக்கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, வரமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். வெள்ளிக்கிழமையும் அதே கதை. சிகிச்சை செய்கிற பெண் போனில் கண்டிப்பாகச் சொன்னாள்: "இப்ப விட்டுட்டீங்கன்னா அந்தக் கால் அவ்ளோதான்." மறுநாள் அவள் தனியாக ஓட்டிப்போனபோது மழையில் பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது வேறு.

"அந்தப் பொம்மைக் காரைத் தள்ளிவிட்டுட்டு ஒழுங்கா ஒரு வண்டி வாங்குக்கா" என்று அவள் தம்பி நச்சரித்துக்கொண்டிருந்தான். விற்கிற பேச்சை ஒருமுறை எடுத்து, அவர் இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்தவள் அவள். அதனால் டயரையாவது மாற்றிப் பார்ப்போம் என்று முடிவு செய்தாள். இப்போதிருப்பது பதினாறு அங்குல ரிம், பட்டையான டயர். ரிம்மைப் பதினாலாகக் குறைத்து, உயரமான டயர் போட்டால் மெத்தென்று போகுமாம். விசாரித்துவிட்டாள். வழக்கம்போல அவரிடம் சொல்லவில்லை. ஆனால் "டயர் கடைக்குப் போறோம்" என்றதும், ஐந்து நாளாக அசையாத மனுஷன் சட்டைப் பொத்தானைத் தானே போட ஆரம்பித்தார்.

டயர்க்காரர் ஒல்லியானவர், உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் படக்கென்று சத்தம் போடும். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். முன் டயர்மேல் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தார். பின்னால் போனார். மறுபடி முன்னால் வந்தார்.

"அக்கா, இதுக்கு யாரு காத்து புடிக்கிறது?"

"நான்தான். வாராவாரம். ஒரு சனிக்கிழமை கூடத் தவறினது இல்ல."

"எவ்ளோ?"

"முப்பத்தெட்டு."

டயர்க்காரர் குந்தி உட்கார்ந்து அவளையும் குனியச் சொன்னார். "இங்க பாருங்க. ஓரத்துல பட்டன், இந்த மேடுபள்ள வெட்டெல்லாம், புதுசு மாதிரி இருக்கு. நடுவுல மட்டும் மொட்டை. காத்து அதிகமானா இப்படித்தான், வயிறு தள்ளிக்கிட்டு நடுப்பாகம் மட்டும் தரையில ஓடும். அதான் மழையில வழுக்குது. இந்த வண்டிக்கு முப்பத்திரண்டு தாராளம். முப்பத்தெட்டு வெச்சா கல்லுல உட்கார்ந்து போற மாதிரி இருக்குமேக்கா, எப்படி ஓட்டுனீங்க?"

அவள் சாவிக்கொத்தை எடுத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டிவந்த முதல் மாதம், காகிதத்தையும் பேனாவையும் நீட்டி, "டயருக்கு எவ்ளோ காத்துங்க?" என்று கேட்டிருந்தாள். அவர் இடக்கையால் கோணல்மாணலாக 38 என்று எழுதினார். மலைப்பாதையில் விரட்டுவதற்கு அவர் வைத்திருந்த கணக்கு. அந்தச் சீட்டை அவள் சாவிக்கொத்தில் வைத்துக்கொண்டாள். நூறு சனிக்கிழமை, களைத்துப்போய், கால் வலியோடு, காற்றுப் பிடிக்கிற இடத்தில் வரிசையில் நின்று, அவர் இடுப்பை உடைப்பதற்கு அவளே காற்றடித்திருக்கிறாள்.

வண்டியருகே போய் ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொன்னாள்.

"முப்பத்தெட்டு ரொம்ப ஜாஸ்தியாமே. உங்களுக்குத் தெரியாதா?"

அவர் தலையை ஆட்டினார். தெரியும்.

"தெரிஞ்சுக்கிட்டேவா? ரெண்டு வருஷமா? ஏன் சொல்லல? வாயில வரலன்னா கையக் காட்டித் தொலைச்சிருக்கலாம்ல!" அவள் குரல் உயர்ந்ததில் அடுத்த வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஊரில் போகிற வருகிறவனையெல்லாம் வலிக்குதா என்று கேட்கிறவள், இவரை ஒருநாள் கேட்டதில்லை.

அவர் வாய் கோணியது. வார்த்தை வருவதற்கு அவள் காத்து நின்றாள். வெகுநேரம் ஆனது.

"நீ... கேட்ட," என்றார். மூச்சு வாங்கினார். "என்னைக்... கேட்டது... அது ஒண்ணுதான்."

அவள் கார்க் கூரைமேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். வெயிலில் தகடு சுட்டது. அழுதாள் என்றும் சொல்லலாம், சத்தம் வரவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டயர்க்காரரைக் கூப்பிட்டாள்.

"வண்டி அவரோடது. என்ன போடணும்னு அவரையே கேளுங்க. கொஞ்சம் நேரமாகும். பொறுமையா கேளுங்க."

டயர்க்காரரும் அவளும் சேர்ந்து அவரை இறக்கி, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஒரு பதினாறு, ஒரு பதினாலு, இரண்டையும் டயர்க்காரர் அவர் முன் உருட்டிக்கொண்டுவந்து நிறுத்தினார். அவள் கடைக்குள் போய் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளேயெல்லாம் புது ரப்பர் வாடை. வெளியே அவர் எதையோ காட்டுவதும், டயர்க்காரர் "இதுவா? இதுவா?" என்று கேட்பதும் கேட்டது. எழுந்துபோய் என்ன சொல்கிறார் என்று விளக்கிவிடலாம். அவளுக்குத்தான் அவர் பாஷை புரியும். காலும் கையும் அவள் சொல்லைக் கேட்கவில்லை. இதை அவள் முடிவு செய்ய வேண்டியதில்லை என்று நினைத்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. டயர்க்காரர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"எந்திரிச்சிட்டீங்களா? அண்ணன் பெரிய ஆளுக்கா. பதினாலு கூடாதுன்னு ஒரே பிடிவாதம். எனக்குப் புரியல. 'பிரேக்... பெரிசு'ன்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு. சக்கரத்தைக் கழட்டி மாட்டிப் பாத்தா, நெஜமாவே ஏறல, பிரேக்குல முட்டுது. இந்த மாடலுக்கு பிரேக் பெரிசுங்கறது எனக்கே தோணல. அவரே பதினஞ்சுன்னு விரலைக் காட்டினாரு. உயரமான டயராப் போட்டாச்சு, சும்மா மெத்தை மாதிரி போகும். செவ்வாய்க்கிழமை வண்டி வேணும், இன்னிக்கே முடின்னு ஒத்தக் கால்ல நின்னுட்டாரு."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலையைச் சரிசெய்துகொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றே முக்கால் மணி நேரம் தூங்கியிருக்கிறாள்.

"இவ்ளோ நேரமா? என்னை எழுப்பியிருக்கலாமே!"

"வந்தேன்க்கா. அண்ணன் விடல. அவ தூங்கட்டும், கிட்ட போகாதன்னு கையக் காட்டியே என்னை அதட்டிட்டாரு."